கட்டத்துக்குள் ஒரு கூத்து

சதுரங்கத்தில் மற்ற காய்களெல்லாம் அடக்கமாக நடக்கும். யானை நேர்க்கோட்டில் போகும். மந்திரி மூலைவாட்டில் போவார். சிப்பாய் ஒவ்வோர் அடியாக முன்னால் வைப்பான். பின்வாங்க அவனுக்கு அனுமதி இல்லை. குதிரை மட்டும் இரண்டு கட்டம் தாண்டி ஒரு கட்டம் ஒதுங்கி நிற்கும். நடுவில் யார் நின்றாலும் தலைக்கு மேலே தாவிவிடும். ஆட்டத்தைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குக் குதிரை மேல் தனிப் பிரியம் வருவது இதனால்தான். "இது அழுகுணி ஆட்டம்" என்று எதிரே உட்கார்ந்திருக்கும் தங்கை சண்டைக்கு வருவதும் இதனால்தான்.

இந்தக் கோணல் நடையை வைத்து ஒரு பழைய புதிர் உண்டு. பலகையிலுள்ள எல்லாக் கட்டங்களையும் குதிரை ஒரே ஒரு முறை மிதிக்க வேண்டும். மிதித்த கட்டத்தை மறுபடி தொடக் கூடாது. கேட்பதற்கு எளிது, பென்சிலோடு உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும். கணக்குப் புலிகள் இதைக் கையில் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே கவிஞர்கள் எடுத்துவிட்டார்கள். 9-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர், 'காவ்யாலங்காரம்' என்ற அணியிலக்கண நூலில் பாதிப் பலகையை எடுத்துக்கொண்டார். நான்கு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம், ஆக 32. அனுஷ்டுப் சுலோகத்துக்கும் 32 எழுத்து. கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்பினார். நேராகப் படித்தாலும், குதிரை தாவும் வரிசையில் படித்தாலும் அதே சுலோகம் வரும். நாலைந்து எழுத்துகளையே திருப்பித் திருப்பிப் போட்டுச் சமாளித்திருக்கிறார் என்று வேண்டுமானால் குறை சொல்லலாம்.

அந்தக் குறைக்குப் பதில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. காஞ்சிபுரம் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், அரங்கனின் பாதுகைகளைப் பாடிய 'பாதுகா சகஸ்ரம்' 1008 சுலோகங்கள் கொண்டது. அதில் 'சித்திர பத்ததி' என்று ஒரு பகுதி. அங்கே அடுத்தடுத்து இரண்டு சுலோகங்கள். முதல் சுலோகத்தை 32 கட்டங்களில் எழுதிக் குதிரையைத் தாவவிட்டால், எழுத்துகள் இடம் மாறி இரண்டாவது சுலோகம் கிடைக்கிறது. ருத்ரடர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தார். தேசிகர் வேறு ஊருக்குப் போய் இறங்கினார். இரண்டுக்கும் தனித்தனிப் பொருள், இரண்டும் பாதுகையைப் பற்றியே. முழு நூலையும் ஒரே இரவில் பாடி முடித்தார் என்பது வைணவ மரபு. அந்த ராத்திரிக் கணக்கை நம்புவது அவரவர் விருப்பம். குதிரையை நம்பலாம், கட்டம் போட்ட தாள் இருந்தால் இன்றைக்கும் வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்கலாம். திருவடி நடையைப் போற்றும் நூலுக்குள் ஒரு குதிரையின் நடையை ஒளித்துவைத்த குறும்பைப் பண்டிதர்கள் சித்திரக்கவி என்று வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அதில் ஒரு விளையாட்டுக்காரரின் சிரிப்பு கேட்கிறது.

தமிழிலும் இந்த விளையாட்டு குறைவில்லை. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் எந்தத் திசையில் படித்தாலும் ஒரே பாட்டு வரும் 'சருப்பதோபத்திரம்', எழுத்துகள் நீர்ச்சுழிபோல் உள்நோக்கிச் சுழலும் 'சுழிகுளம்' எல்லாம் தண்டியலங்காரம் கண்ட வகைகள். பாம்பன் சுவாமிகள் 'சதுரங்க பந்தம்' என்றே ஒன்று பாடியிருக்கிறார்.

குதிரை அங்கேயும் நிற்கவில்லை. 1978-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ழ் பெரெக் ஒரு தடித்த நாவலை வெளியிட்டார். பாரிசில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதன் முன்சுவரைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் தெரியும் பத்துக்குப் பத்து அறைகள்தான் கதைக்களம். அத்தியாயத்துக்கு ஓர் அறை. எந்த அறைக்கு அடுத்து எந்த அறை? அதைக் கதாசிரியர் தீர்மானிக்கவில்லை, குதிரை தீர்மானித்தது. நூறு கட்டம் இருக்க, நாவலில் 99 அத்தியாயங்கள்தான். ஒரு கட்டத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார். தேசிகரை பெரெக் படித்திருக்க வாய்ப்பில்லை. சுமார் ஆறு நூற்றாண்டு இடைவெளியில், கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு எழுத்தாளர்களுக்கு ஒரே குதிரை கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

பலகை விளையாட்டு வேறு, கலை வேறு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்று பொழுதுபோக்கு, மற்றது மேடைக்குரியது. ஆனால் இரண்டுக்கும் நடுவே நெடுநாள் கொடுக்கல் வாங்கல் உண்டு. கலைகள் பலகையிடம் விதியையும் 'அடுத்து என்ன?' என்ற பதற்றத்தையும் கடன் வாங்குகின்றன. பலகை கலைகளிடம் வாங்குவது, வெட்டுப்படும் காய்க்கு ஒரு முகம். இந்த வியாபாரம் ஒழுங்காக நடக்கும் இடங்களில் வேடிக்கை பிறக்கிறது. நடக்காத இடங்களில் கொட்டாவி வருகிறது. இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது.

பாம்புக்கு முகம் வரைந்தவர்கள்

பரமபத சோபானப் படத்திலிருந்து ஓவியத்தை எடுத்துவிட்டு எண்களை மட்டும் விட்டுவைத்துப் பாருங்கள். தாயம் போடுகிறோம்; 90-இலிருந்து 12-க்கு வருகிறோம். கழித்தல் கணக்கு. சிரிக்க அதில் என்ன இருக்கிறது? அதே இடத்தில் வாயைப் பிளந்த பாம்பு ஒன்று, உடம்பை வளைத்து வளைத்துப் படம் முழுக்க நீண்டு, வால் நுனியை அடிக்கட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் நிலைமையே வேறு. அந்தப் பாம்புக்குப் புராண அசுரன் ஒருவனின் பெயர். ஏணிக்கு நற்குணம் ஒன்றின் பெயர். உச்சியில் வைகுண்டம். வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க வேண்டிய வீட்டில், ஏறிக்கொண்டே போன பெரியப்பா திடீரென்று அசுரன் வாயில் விழுந்து பாதாளத்துக்கு வரும்போது வாண்டுகள் போடும் கூச்சலுக்குக் காரணம் அந்தச் சித்திரக்காரர்தான். கணக்கை அவர் கதையாக்கிவிட்டார். தூக்கம் பறந்துவிடுகிறது, விரதமும் நிறைவேறிவிடுகிறது.

இதே ஆட்டம் சமணர்களிடமும் வடநாட்டு வைணவர்களிடமும் வேறு வேறு படங்களோடு இருந்தது. 'ஞான சௌபர்' என்பது அங்கே பெயர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போனபோது வைகுண்டம் கழன்றது. கீழ்ப்படியாத பிள்ளை, உழைக்கும் பிள்ளை என்று விக்டோரியா காலத்து நீதிப் படங்கள் ஏறின. 1943-இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரத்தை வைத்தது. குழந்தைகள் பயந்துவிடக் கூடாதாம். விதி ஒன்றே; படம் மாற மாற மதம், ஒழுக்கம், பூங்கா என்று ஆட்டத்தின் பொருளே மாறிவிட்டது. சல்மான் ருஷ்டி 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' நாவலில் ஓர் அத்தியாயத்துக்கு இந்த ஆட்டத்தின் பெயரை வைத்ததும் பாம்போடுதான், சறுக்குமரத்தோடு அல்ல.

படம் வரைந்தவர்களைப் போலவே காய் செதுக்கியவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-இல் கிடைத்த 12-ஆம் நூற்றாண்டுச் சதுரங்கக் காய்கள் பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செய்தவை. ராணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கவலையோடு உட்கார்ந்திருக்கிறாள். நம்மூர் யானை நிற்கும் மூலையில் நிற்கும் வீரர்கள் சிலர் வெறி தாங்காமல் தங்கள் கேடயத்தையே பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ ஒரு கைவினைஞர் செய்த இந்தத் தமாஷ், முதல் ஹாரி பாட்டர் படத்தில் மந்திரச் சதுரங்கக் காய்களாக வந்து இந்தத் தலைமுறைப் பிள்ளைகளையும் சிரிக்க வைத்தது. நம் பக்கம் பல்லாங்குழிப் பலகை மீனாக நீந்தும், மயிலாக நிற்கும். பதினான்கு குழிக்கு மீன் எதற்கு என்று தச்சரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கீழடி மண்ணுக்குள்ளிருந்து சுடுமண் ஆட்டக்காய்கள் நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. தந்தத்தில் செய்த தாயக்கட்டையும் வந்திருக்கிறது. வெறும் கல்லை வைத்து ஆட முடிந்தவர்கள் தந்தத்தைத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள் என்றால், கைக்கும் கண்ணுக்கும் சுகம் வேண்டியிருக்கிறது.

இந்தப் பித்து ஓர் அரசருக்கே பிடித்த கதை மைசூரில் நடந்தது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) புதிது புதிதாகப் பலகை ஆட்டங்களை உருவாக்கினார். குதிரைப் புதிருக்கும் விடைகள் அமைத்தார். அவர் காலத்தில் தொகுக்கப்பட்ட 'ஸ்ரீதத்வநிதி' என்ற ஓவியப் பெருநூலின் ஒன்பதாவது பகுதி முழுக்க ஆட்டங்களுக்கே. ஜெகன்மோகன் அரண்மனைச் சுவர்களில் தெய்வங்களுக்குச் சமமாக ஆட்டக் கட்டங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. ஆட்சி அதிகாரத்தை 1831-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பின் அவருக்கு நேரம் நிறைய இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு. சும்மா இருந்த ராஜாக்கள் எத்தனையோ பேர். அத்தனை பேருமா ஆட்டம் கண்டுபிடித்தார்கள்?

விடிய விடிய ஒரு தோல்வி

1968 மார்ச் 5, கனடாவின் டொரான்டோ. ஒரு நாடக அரங்க மேடையில் இரண்டு பேர் சதுரங்கம் ஆட உட்கார்ந்தார்கள். ஒருவர் இசையமைப்பாளர் ஜான் கேஜ். மற்றவர் மார்செல் துஷாம். கழிவறைப் பீங்கானைக் கண்காட்சிக்கு அனுப்பி நவீன ஓவிய உலகத்தைக் கலக்கியவர், பிறகு ஓவியத்தை ஓரங்கட்டிவிட்டுச் சதுரங்கத்தில் மூழ்கிப் பிரான்ஸ் அணிக்காக ஒலிம்பியாடில் ஆடியவர். அன்றைய பலகை சாதாரணப் பலகை அல்ல. லோவல் கிராஸ் என்ற இசைக்கலைஞர் அதன் கட்டங்களுக்கு அடியில் ஒளியுணர் கருவிகளைப் பொருத்தியிருந்தார். காய் நகரும்போதெல்லாம் மின்னணு ஒலிகள் திறந்து மூடி, அரங்கைச் சுற்றியிருந்த ஒலிபெருக்கிகளில் இடம் மாறும். ஒலிகளை வழங்கக் கைதேர்ந்த இசைக்கலைஞர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆட்டம்தான் இசையமைப்பாளர், நிகழ்ச்சியின் பெயர் 'ரியூனியன்'.

துஷாம் தன் குதிரை ஒன்றை முன்கூட்டியே பலகையிலிருந்து எடுத்துவிட்டு, கேஜுக்குச் சலுகை கொடுத்து ஆடினார். அப்படியும் அரை மணி நேரத்துக்குள் ஜெயித்துவிட்டார். அடுத்து கேஜும் துஷாமின் மனைவி டீனியும் ஆடினார்கள். அது இழுத்துக்கொண்டே போனது. நள்ளிரவு தாண்டியபோது அரங்கில் ஆட்கள் கொஞ்சம்தான் மிச்சம். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திப் பிறகு முடிக்க வேண்டியதாயிற்று.

கலை வரலாற்றில் அது பெரிய நிகழ்ச்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் கூட்டம் ஏன் கலைந்தது? நள்ளிரவுக்கு மேல் உட்கார மனிதர்களுக்கு முடியாது என்று சொல்ல வழியில்லை. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் 'பகடை துயில்' கூத்து நடக்கும் ஊர்களில் ஜனம் பாய் விரித்துப் படுத்தபடியும், முக்காடு போட்டு உட்கார்ந்தபடியும் விடியும்வரை இருக்கிறது. அங்கேயும் மேடையில் நடப்பது ஒரு பலகை ஆட்டம்தான். சகுனி உருட்டுகிறான், தருமன் தோற்கிறான். இந்த ஆட்டத்தின் முடிவு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டொரான்டோவிலோ முடிவு யாருக்கும் தெரியாது. சஸ்பென்ஸ் கணக்குப்படி அங்கேதான் கூட்டம் இருந்திருக்க வேண்டும்.

வித்தியாசம் காயில் இருக்கிறது. டொரான்டோவில் ஒரு சிப்பாய் வெட்டுப்பட்டால் ஓர் ஒலி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது. கூத்தில் ஒவ்வோர் உருட்டலிலும் ஒரு நாடு போகிறது, ஒரு தம்பி போகிறான், கடைசியில் ஒரு பெண்ணின் மானத்தில் கை வைக்கிறார்கள். யாருக்கு வலிக்கிறது என்பது தெரிகிறது. நடுநடுவே கட்டியங்காரன் புகுந்து சகுனியையும் கிண்டல் செய்வான், ஊர்த் தலைவரையும் கிண்டல் செய்வான். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த காய் உருளும். அழுகையும் சிரிப்பும் இப்படி மாறி மாறி வருவதால்தான் தெரிந்த முடிவுக்காகவும் ஊர் காத்திருக்கிறது. இவ்வளவும் பகடையின் தயவு. போரைப் பாட ஆயுதம் வேண்டும், படை வேண்டும். பகடைக்கு ஒரு கை போதும்.

பாரதிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகம் 1912-இல் வந்தபோது அதில் இரண்டே சருக்கங்கள்: அழைப்பு, சூதாட்டம். தருமன் நாட்டை வைத்து இழந்த இடத்தில், கவிஞர் தன் கோபத்தைக் கொட்டியதோடு புத்தகம் நின்றுவிட்டது. மீதிச் சருக்கங்கள் அச்சில் வந்தது 1924-இல், பாரதி மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. தொடர்கதைக்காரர்கள் ஒரு வாரம் காக்க வைப்பார்கள். பாரதியின் வாசகர்களைக் காலம் பன்னிரண்டு ஆண்டுகள் சூதாட்டக் கட்டத்திலேயே உட்கார வைத்துவிட்டது.

வள்ளுவரின் நிலை இன்னும் சுவாரசியம். சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கித் திட்டித் தீர்த்தவர். ஆனால் படிக்காமல் சபையில் பேசுகிறவனைச் சொல்ல உவமை தேடியபோது, கட்டம் கீறாமலே வட்டாடுகிறவனைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார் (குறள் 401). ஆட்டம் ஆகாது, ஆட்டத்தின் உவமை ஆகும். தெய்வங்களுக்கு அந்தத் தடையும் இல்லை. எல்லோராக் குகைச் சிற்பங்களில் சிவனும் பார்வதியும் சாவகாசமாக உட்கார்ந்து தாயம் ஆடுகிறார்கள். கீழே பூதகணங்கள் நந்தியைச் சீண்டிக்கொண்டிருக்கின்றன. இந்த ஒரு விளையாட்டை மட்டும் வைத்து டான் ஹேண்டல்மனும், தமிழறிஞர்களுக்கு நன்கு தெரிந்த டேவிட் ஷுல்மனும் 1997-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார்கள்.

எலுமிச்சம்பழ ராஜா

சினிமாவுக்குப் பலகை ஆட்டம் ஒரு தலைவலி. இரண்டு பேர் குனிந்து உட்கார்ந்திருப்பதை எவ்வளவு நேரம் காட்டுவது? தமிழ் சினிமா இதற்குச் சுலபமான வழி கண்டது: பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது. 'ஆடு புலி ஆட்டம்' (1977), 'சதுரங்க வேட்டை' (2014), 'பரமபதம் விளையாட்டு' (2021) என்று போஸ்டரில் பலகை இருக்கும், படத்துக்குள் துரத்தல் இருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை நகரவிடாமல் மடக்கும் அந்த அற்புதமான விதியைக் கதையின் எலும்பாகவே வைத்து ஒரு படம் எடுக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

சத்யஜித் ராய் அதைச் சதுரங்கத்தில் செய்தார். பிரேம்சந்த் 1924-இல் எழுதிய சிறுகதையை எடுத்து 1977-இல் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' என்று படமாக்கினார். 1856, லக்னோ. கிழக்கிந்தியக் கம்பெனி அவத் ராஜ்ஜியத்தை விழுங்கப்போகிறது. இரண்டு ஜமீன்தார்கள் எதையும் கண்டுகொள்ளாமல் சதுரங்கம் ஆடுகிறார்கள். புருஷனின் ஆட்டப் பித்துப் பொறுக்காமல் மனைவி காய்களை ஒளித்து வைக்கிறாள். ஜமீன்தார்களாக வரும் சஞ்சீவ் குமாரும் சயீத் ஜாஃப்ரியும் அசரவில்லை. எலுமிச்சம்பழம், தக்காளி, மிளகாய் என்று சமையலறையிலிருந்து சேனையைத் திரட்டுகிறார்கள். ராஜா எது, சிப்பாய் எது என்று காய்கறிகளுக்கு அவர்கள் பட்டம் சூட்டும் காட்சியில் தியேட்டர் சிரிக்கும். அந்தச் சிரிப்பிலேயே ஒரு முள்ளும் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் ராஜா என்று நிறுத்திவைக்கலாம் என்பதைத்தானே கம்பெனியும் லக்னோவில் செய்துகொண்டிருந்தது? ராஜாவான வாஜித் அலி ஷாவோ பாட்டு எழுதுகிறவர், நடனத்தில் தோய்ந்தவர். அவர் அவைக் காட்சிக்குக் கதக் அமைத்துப் பாடியவர் பிர்ஜு மகராஜ்.

ராய் விதிகளையும் கதைக்குள் கொண்டுவருகிறார். முன்ஷி ஒருவர் வந்து வெள்ளைக்காரன் சதுரங்கத்தை விளக்குகிறார்: அங்கே சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாம், நம் மந்திரி இருக்கும் இடத்தில் ராணி இருப்பாள், ஆட்டம் சீக்கிரம் முடியும். பிரேம்சந்த் கதையில் இரண்டு ஆட்டக்காரர்களும் வாளெடுத்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். ராய் அவர்களைக் கொல்லவில்லை. ராஜ்ஜியம் கைமாறிய நாளில், ஊருக்கு வெளியே, வெட்கத்தோடு உட்கார்ந்து மறுபடி காய் அடுக்குகிறார்கள். இந்த முறை வெள்ளைக்காரன் விதிப்படி. மந்திரியை விலக்கிவிட்டு விக்டோரியா மகாராணிக்கு இடம் விடுகிறார்கள். இந்திய சரித்திரத்தின் ஒரு பெரிய திருப்பத்தை ஒரு விதி மாற்றத்தில் சொல்லிவிட முடிகிறது. கத்திச்சாவைவிட இது கொடுமை, கொஞ்சம் வேடிக்கையும்கூட.

ஸ்வீடனின் இங்மர் பெர்க்மன் 1957-இல் 'தி செவன்த் சீல்' படத்தில் போர்வீரன் ஒருவனைக் கறுப்பு அங்கி போட்ட சாவோடு சதுரங்கம் ஆட வைத்தார். மூலம் ஒரு சுவரோவியம்: ஸ்டாக்ஹோம் அருகே டேபி தேவாலயத்தில் ஆல்பர்டஸ் பிக்டர் என்பவர் 15-ஆம் நூற்றாண்டில் வரைந்தது. ஆட்டம் ஓவியமாகி, ஓவியம் சினிமாவாகி, பிறகு அந்தக் கறுப்பு அங்கிக்காரரைக் கேலி செய்து எத்தனையோ நகைச்சுவைப் படங்கள் வந்துவிட்டன. லூயிஸ் கரோல் 1871-இலேயே ஆலிஸைச் சிப்பாயாக்கி, ராணியாக்கி, பதினோராவது நகர்வில் வெல்லவும் வைத்தார். 'அப்பா' (ABBA) இசைக்குழுவின் பென்னியும் பியோர்னும் டிம் ரைஸோடு சேர்ந்து 1986-இல் 'செஸ்' என்று ஓர் இசை நாடகமே போட்டார்கள். சதுரங்கம் இவ்வளவு தூரம் போனதற்கு அதன் கட்டிலேயே வசதி இருக்கிறது: ராஜா உண்டு, படை உண்டு, தியாகம் உண்டு, சாதாரணன் உயர்வு பெறும் வழியும் உண்டு. பல்லாங்குழியில் முத்துகளுக்குப் பெயர் இல்லை, ஆதலால் நாவலும் இல்லை.

வேட்டி கட்டிய குதிரை

2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்தது. உக்ரைன் போரினால் ரஷ்யாவிடமிருந்து கைமாறி வந்த வாய்ப்பு. ஏற்பாட்டுக்குக் கிடைத்தது சில மாதங்கள்தான். மற்ற நாடுகள் என்ன செய்திருக்குமோ, நம்மூர் செய்தது திருவிழா. சின்னம் ஒரு குதிரை. வேட்டி சட்டையில் கும்பிட்டு நிற்கும் அதற்குத் 'தம்பி' என்று பெயர் வைத்தார்கள். சென்னை நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டமாயிற்று. அந்தக் கட்டங்கள் மேல் வண்டி ஓட்டிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் மனதுக்குள் தங்களை யானையாகவும் குதிரையாகவும் நினைத்துக்கொண்டார்களோ! ஆட்டோக்காரர்கள் எப்போதும்போல் குதிரைதான்.

அந்தச் சமயத்தில் புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகம் எடுத்த ஒரு நடனக் காணொளி ஊரெல்லாம் பரவியது. அப்போதைய ஆட்சியர் கவிதா ராமு பரதநாட்டியக் கலைஞர். நடனத்தை அமைத்தவரும் அவரே. கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள் உயிர்பெற்று எழுகின்றன. பரதமும் நாட்டுப்புற ஆட்டமும் சிலம்பமும் கலந்த அசைவில் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. மனிதர்களைக் காய்களாக நிறுத்துவது புதிதல்ல. ஃபதேபூர் சிக்ரி முற்றத்தில் அக்பர் பணிப்பெண்களைக் காய்களாக்கிப் பச்சீசி ஆடினார் என்று சொல்வார்கள். அதில் வேடிக்கை அக்பருக்கு மட்டும்தான் இருந்திருக்கும். இத்தாலியின் மரோஸ்திகாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ச்சதுக்கத்தையே பலகையாக்கி, பழங்கால உடையில் ஆட்களும் நிஜக் குதிரைகளுமாக ஆடுகிறார்கள். புதுக்கோட்டைக் காணொளி இவற்றிலிருந்து விலகி நிற்பது ஓர் இடத்தில். அங்கே காய்களை நகர்த்தும் கையைவிடக் காய்களின் உடம்புதான் பேசுகிறது. குதிரை தாவுவது எப்படி இருக்கும் என்று ஒரு நடனக்காரரிடம் கேட்டதும், அட்டையில் எழுதிய விதிக்கு முழங்கால் முளைத்துவிடுகிறது.

நீடாமங்கலம் அருகே திருப்பூவனூரில் சிவபெருமானுக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத இளவரசியைச் சித்தர் வடிவில் வந்து ஆட்டத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். வில்லை முறித்து, காளையை அடக்கிப் பெண் எடுத்த கதைகளுக்கு நடுவே, உட்கார்ந்த இடத்திலேயே மூளையால் நடந்த சுயம்வரம் இது ஒன்றுதான் என் நினைவில் நிற்கிறது. இதற்கு ஒரு நாட்டிய நாடகம் யாராவது போடலாம். தோற்கப்போவது தெரிந்த அந்தக் கடைசி நகர்வில் இளவரசி முகத்தில் என்ன இருக்கும் என்பதற்கே ஒரு பதம் வைக்கலாம்.

புரிந்தாலும் பூஜ்யம், புரியாவிட்டாலும் பூஜ்யம்

கலையின் வேலையையே ஆட்டத்தின் விதியாக்கிய ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும். பிரான்சைச் சேர்ந்த குழந்தைகள் மனநல மருத்துவர் ழான்-லூயி ரூபிரா வடிவமைத்து 2008-இல் வெளியான 'டிக்ஸிட்'. 2010-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருது பெற்றது. பெட்டிக்குள் 84 சீட்டுகள். எதிலும் எழுத்து கிடையாது. மரி கார்துவா வரைந்த ஓவியங்கள் மட்டும், கனவில் வருகிற மாதிரி.

ஒருவர் கதைசொல்லி. கையிலிருக்கும் ஒரு படத்துக்குப் பொருத்தமாக ஏதாவது சொல்ல வேண்டும்: ஒரு சொல், ஒரு பழமொழி, ஒரு பாட்டு, வெறும் பெருமூச்சுகூடப் போதும். மற்றவர்கள் அதற்குப் பொருந்தும் படத்தைத் தங்கள் கையிலிருந்து போடுவார்கள். எல்லாவற்றையும் கலைத்து விரித்த பிறகு, கதைசொல்லியின் படம் எது என்று ஊகிக்க வேண்டும். எல்லாரும் கண்டுபிடித்துவிட்டால் கதைசொல்லிக்குப் பூஜ்யம். ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டாலும் பூஜ்யம். சிலர் பிடித்துச் சிலர் தவறவிட்டால்தான் அவருக்கு மூன்று புள்ளி, பிடித்தவர்களுக்கும் மூன்று.

கவிதை வகுப்பில் இவ்வளவு கறாரான பாடத்தை நான் கேட்டதில்லை. பட்டவர்த்தனமாகச் சொன்னால் தோல்வி. யாருக்கும் எட்டாமல் சொன்னாலும் தோல்வி. விடுகதை போடும் பாட்டிகளுக்கும் சிலேடை பாடிய காளமேகத்துக்கும் இந்த அளவு கைவந்த கலை. எழுத்தாளர்கள் நாலு பேரை இந்த ஆட்டத்தில் உட்கார வைத்தால் பெரும்பாலும் தோற்பார்கள் என்பது என் கணிப்பு. யாருக்கும் புரியாத ஒன்றைச் சொல்லத்தான் அவர்கள் மனம் போகும்.

சீட்டில் எழுத்து இல்லாததால் மொழிபெயர்ப்புத் தொல்லையும் இல்லை. நம் வீடுகளில் இதை ஆடினால் குறிப்பு பெரும்பாலும் சினிமாப் பாட்டாகத்தான் வரும். அங்கேதான் ஆபத்து. இளையராஜாவின் பிரபலமான பாட்டு ஒன்றை முணுமுணுத்தால் சமையலறையில் இருப்பவர்கூடப் படத்தைக் காட்டிவிடுவார்; பூஜ்யம். தியாகராஜ பாகவதர் காலத்துக்குப் போனால் கல்லூரிப் பிள்ளைகள் விழிப்பார்கள். தாத்தாவும் தூங்கிப்போயிருந்தால் அதற்கும் பூஜ்யம். ஜெயிக்கத் தெரிந்த பாட்டி வேறு வழி வைத்திருப்பாள். சின்ன வயதில் பேரனுக்குச் சோறு ஊட்டுவதற்காகத் தானே இட்டுக்கட்டிய, எந்தப் படத்திலும் வராத இரண்டு வரியை மெல்ல இழுப்பாள். மகன் நெற்றியைச் சுருக்குவான். மருமகள் தப்பான சீட்டில் கை வைப்பாள். பேரன் மட்டும் யோசிக்காமல் சரியான படத்தைத் தொடுவான். ஆளுக்கு மூன்று புள்ளி.